நோட்புக் அடுத்தவர் கணினியிலும் ஓடட்டும்

குவாண்டம் நிரலாக்கம் படிக்கும் பெரம்பலூர், அரியலூர் மாணவர்கள் முதலில் ஒரு கவலையை விட்டுவிடலாம். பயிற்சிக்கும் கடைசி ஆண்டு ப்ராஜெக்ட்டுக்கும் குவாண்டம் கணினி தேவையில்லை. கல்லூரி லேப்பில் இருக்கும் கணினியே போதும். 25 கியூபிட்டின் முழு நிலையையும் நினைவகத்தில் வைக்க 512 எம்பி ஆகும். 30 கியூபிட் என்றால்தான் 16 ஜிபி கேட்கும். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

வேலைக்கு எடுப்பவர் பார்ப்பது வேறு ஒன்றை: நீங்கள் அனுப்பிய ஜூபிட்டர் நோட்புக் அவருடைய கணினியில் ஓடுகிறதா? பலருடைய நோட்புக் இரண்டாவது செல்லிலேயே நின்றுவிடும். எல்லா நிரலையும் செல்களில் ஒட்டியிருப்பார்கள், அல்லது தங்கள் டெஸ்க்டாப்பில் மட்டும் இருக்கும் ஒரு கோப்பை அழைத்திருப்பார்கள்.

மைக்ரோசாஃப்டின் கியூஷார்ப் மொழியில் இதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது. நிரலைத் தனி ப்ராஜெக்ட்டாக வையுங்கள்: ஒரு கோப்புறை, அதனுள் எஸ்ஆர்சி கோப்புறையில் நிரல்கள், வெளியே கியூஷார்ப் ஜேசன் என்ற சிறு கோப்பு. அந்தக் கோப்பில் வெறும் இரண்டு நெளிவு அடைப்புக்குறி இருந்தாலே தொடங்கிவிடலாம். நோட்புக்கின் முதல் செல்லில் கியூஷார்ப்பின் இனிட்டை அழைத்து, ப்ராஜெக்ட் ரூட்டாக அந்தக் கோப்புறையைக் காட்டுங்கள். சி டிரைவில் தொடங்கும் முழுப்பாதை வேண்டாம். நோட்புக் இருக்கும் இடத்திலிருந்து போகும் பாதையைக் கொடுங்கள். இனிட்டை நடுவில் அழைத்தால் அதுவரை செல்களில் எழுதியதெல்லாம் அழிந்துபோகும். முதல் செல் என்று அழுத்திச் சொல்வது அதனால்தான்.

அடுத்தவர் எழுதிய நூலகம் வேண்டுமா? அதே ஜேசன் கோப்பில் சார்புகள் பகுதியில் கிட்ஹப் உரிமையாளர், ரெப்போ, எந்தப் பதிப்பு என்ற மூன்றையும் எழுதுங்கள். பதிப்பு இடத்தில் மெயின் என்று போடாதீர்கள். அந்தக் கிளை நாளைக்கே மாறலாம், நேர்காணல் அன்று உங்கள் நோட்புக் கவிழும். வெளியீட்டு டேக்கையோ கமிட் எண்ணையோ போடுங்கள். லேப்பில் நெட் வராத நாளுக்கு, ரெப்போவை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு உள்ளூர்ப் பாதையைக் கொடுக்கலாம். நூலகத்தை நீங்களே எழுதினால், வெளியே தெரிய வேண்டியவற்றை எக்ஸ்போர்ட் செய்ய மறக்க வேண்டாம். செய்யாவிட்டால் வெளியிலிருந்து அவற்றை அழைக்க முடியாது.

பழைய பாடங்களில் சதவீதக் குறியோடு தொடங்கும் ப்ராஜெக்ட் கட்டளையைப் பார்ப்பீர்கள். அது நோட்புக்கில் கியூஷார்ப்பை ஓட்டிய பழைய கருவியான ஐகியூஷார்ப் காலத்தது. 2024இல் புதிய கருவித்தொகுதி வந்தபின் அதற்கு ஆதரவில்லை. ஐபிஎம்மின் குவாண்டம் நிரலாக்கத் தொகுப்பான கிஸ்கிட்டிலும் இதே கதைதான்: 2024 பிப்ரவரியில் வந்த 1.0 பதிப்பு எக்ஸிகியூட் என்ற பழைய கட்டளையை நீக்கிவிட்டது. அதனால் பதிப்பு எண்களை ஒரு கோப்பில் எழுதி நோட்புக்கோடு சேர்த்தே அனுப்புங்கள்.

ப்ராஜெக்ட் தலைப்பைத் தேடி அலைய வேண்டாம். அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் லாரிகளைத் தினமும் பார்க்கிறீர்கள். நான்கு சுரங்கம், மூன்று ஆலை, எந்த லாரி எங்கே போவது? கியூஏஓஏ என்ற குவாண்டம் உகப்பாக்க முறையில் செய்யும் சிறிய ப்ராஜெக்ட்டுக்கு அருமையான கணக்கு. இந்த அளவில் சாதாரணக் கணினியே வேகமாக விடை தரும் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். எதற்குக் குவாண்டம் தேவை, எதற்குத் தேவையில்லை என்று பிரித்துச் சொல்பவரை ஆய்வகங்கள் மதிக்கும்.

வாய்ப்பும் எட்டாத தூரத்தில் இல்லை. 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கீடு. அதன் குவாண்டம் தகவல்தொடர்பு மையம் சென்னை ஐஐடியில் இருக்கிறது. அரியலூரில் ரயில் ஏறினால் சென்னை. பயிற்சிப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது சுயவிவரத்தோடு ரெப்போவின் இணைப்பையும் கொடுங்கள். அனுப்பும் முன், நண்பரின் கணினியில் புதிதாக இறக்கி, கெர்னலை மறுதொடக்கம் செய்து, எல்லாச் செல்களையும் மேலிருந்து கீழாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.