கடல் கடக்கும் வளர்ப்பு நாயும் நோய்க்காப்பும்

மனிதன் அயல்நாட்டிற்குக் குடிபெயரும்போது அவன் வளர்க்கும் நாயும் பூனையும் உடன் செல்வதுண்டு. அவற்றின் உடலில் தங்கியுள்ள வைரசும் புழுவும் உண்ணியும் அழையா விருந்தினராக உடன் செல்லக்கூடும். ஆகவே, விலங்கை ஏற்கும் நாடு சில நிபந்தனைகளை விதிக்கிறது. இந்நிபந்தனைகளின் காரணமும், அந்நாட்டை அடைந்த பின் கைக்கொள்ளவேண்டிய முறைகளும், இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குச் செல்லும் நாயை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு விளக்கப்படுகின்றன.

வெறிநோய்த் தடுப்பு

வெறிநோய் நாயின் உமிழ்நீர் வாயிலாகப் பரவுவது. நோய்க்குறிகள் தோன்றிய பின் மனிதனும் விலங்கும் பிழைத்தல் மிக அரிது. பிரிட்டனில் நாய்களிடையே இந்நோய் 1922-ஆம் ஆண்டளவில் ஒழிக்கப்பட்டது. அந்நிலையைக் காத்தற்பொருட்டு, அயல்நாட்டு நாய்கள் ஆறு திங்கள் தனித்து அடைத்து வைக்கப்பட்டு வந்தன. தடுப்பூசியும் குருதிச் சோதனையும் நம்பத்தக்கனவாக வளர்ந்ததன் பயனாக, 2000-ஆம் ஆண்டு முதல், விதிகளை நிறைவு செய்யும் விலங்குகளுக்கு இவ்வடைப்பு நீக்கப்பட்டது.

விதிகளின் வரிசை மாறுதல் கூடாது. முதலில், மைக்ரோசிப் எனப்படும் அடையாளச் சில்லு தோலின் அடியில் பொருத்தப்படும். சில்லுக்கு முன் போடப்பட்ட ஊசி, எந்த நாய்க்குப் போடப்பட்டது என்பதற்குச் சான்று இன்மையால், கணக்கில் சேராது. அடுத்து, 12 வார வயது நிறைந்த நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடப்படும். ஊசி போட்டு 30 நாட்களேனும் சென்ற பின் குருதி எடுத்துச் சோதிக்கப்படும். ஒரு மில்லிலிட்டரில் 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாத எதிர்ப்பொருள் இருத்தல் வேண்டும். குருதி எடுத்த நாளிலிருந்து மூன்று திங்கள் கழிந்த பின்னரே நாய் பிரிட்டனுக்குள் நுழையலாம்.

சோதனையில் தேறிய நாய் மேலும் காத்திருத்தல் எதற்கு என வினவலாம். எதிர்ப்பொருள், ஊசி பலித்தது என்பதை மட்டுமே காட்டும். ஊசிக்கு முன்னரே வெறிநாயால் கடியுண்ட நாயின் உடலில் வைரஸ் வாரக்கணக்கில், சிலபோது திங்கள்கணக்கில், வெளிப்படாது உறையக்கூடும். அத்தகைய நாயில் நோய் வெளிப்படுவதற்கான காலமே இக்காத்திருப்பு. எனவே, பயண ஏற்பாடுகள் குறைந்தது நான்கு திங்களுக்கு முன் தொடங்கப்பட வேண்டும்.

புழுவும் உண்ணியும்

நரியையும் நாயையும் பற்றும் ஒருவகை நாடாப்புழு ஐரோப்பாவின் பல பகுதிகளில் உண்டு, பிரிட்டனில் இல்லை. அதன் முட்டை மனிதனின் வயிற்றுள் சென்றால் கல்லீரலில் புற்றுநோய் போன்ற கொடிய கட்டியை விளைவிக்கும். ஆதலின், இந்தியாவிலிருந்து செல்லும் நாய்க்கும், நுழைவுக்கு 24 மணி நேரத்திற்குக் குறையாமலும் 120 மணி நேரத்திற்கு மேற்படாமலும், மருத்துவர் பிராசிகுவாண்டல் மருந்து கொடுத்துச் சான்றளிக்க வேண்டும். இம்மருந்து இருக்கும் புழுவைக் கொல்லும். பின்னர் புகும் புழுவைத் தடுக்காது. கால எல்லை குறுகியதன் காரணம் இதுவே.

உண்ணி ஒழிப்பைப் பிரிட்டனின் நுழைவு விதிகள் 2012-ஆம் ஆண்டு முதல் வற்புறுத்துவதில்லை. அதனால் பொறுப்பு உரிமையாளரைச் சார்ந்ததாயிற்று. இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் பழுப்பு நாயுண்ணி, குளிர்நாட்டிலும் சூடேற்றப்பட்ட வீட்டினுள் பல்கிப் பெருக வல்லது. எர்லிக்கியா, பபீசியா ஆகிய கிருமிகளை அது நாய்க்கு நாய் பரப்பும். வேறோர் உண்ணியினம் பரப்பும் பபீசியா நோய், 2016-ஆம் ஆண்டை ஒட்டி, இங்கிலாந்தின் எஸெக்ஸ் பகுதியில், வெளிநாடே செல்லாத நாய்களிடையே கண்டறியப்பட்டது. வந்தேறிய கிருமி உள்நாட்டு உண்ணியில் குடிபுகுந்தால் நேர்வது இதுவாகும்.

குடியேறிய பின்

புறப்படுமுன் உண்ணி மருந்து இடுதலும், சென்றடைந்தபின் காதுமடல், விரலிடுக்கு, கழுத்து ஆகியவற்றை நாள்தோறும் ஆராய்தலும் நன்று. புதிய ஊரின் புல்வெளிகளில் லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் உண்டு. நாய்க்குரிய பெர்மெத்ரின் துளிமருந்தைப் பூனைக்கு இடலாகாது. அது பூனைக்கு நஞ்சாகும்.

பிரிட்டனில் டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி, லெப்டோஸ்பைரா ஆகியவற்றுக்கான ஊசிகள் வழக்கமானவை. வெறிநோய் ஊசி அவ்வழக்கத்தில் சேராது, கேட்டுப் பெறவேண்டும். இங்குதான் பலர் வழுவுவர். மறு ஊசி உரிய நாளுக்குள் போடப்பட்டுவரின் முதற் சோதனையின் முடிவு செல்லும். ஒரு நாள் தவறினும், அடுத்த ஊசி முதல் ஊசியாகவே கருதப்படும். பின்னர் நாயை இந்தியாவுக்கு அழைத்துவந்து திரும்ப விழைவோர், குருதிச் சோதனையையும் மூன்று திங்கள் காத்திருப்பையும் மீண்டும் தொடங்க நேரும்.

எல்லையில் காட்டிய சான்றிதழ் அன்றைய நிலைக்கு மட்டுமே சான்று. அதன்பின் நாயையும் வீட்டாரையும் காப்பது, மறு ஊசிக்கும் புழு மருந்துக்கும் உண்ணி மருந்துக்கும் உரிய நாட்களைக் குறித்துவைத்துத் தவறாது பின்பற்றும் பழக்கமேயாகும்.