சோப்புக் காகிதத்தின் பின்பக்கம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தில் பாதி சோப்புக் கம்பெனிகளைத் திட்டியே தீர்ந்துவிட்டது. “அப்பத்தா காலத்தில் ஒரு சோப்பு ஒரு மாசம் வந்தது, இப்போது பத்து நாளில் கூழாகிவிடுகிறது, எல்லாரும் திருடர்களா மாமா?” என்று கேட்டிருக்கிறாய். ஆமாம் என்று எழுதிவிட்டால் உனக்கு நிம்மதி, எனக்கு மை மிச்சம். ஆனால் நீ விவரம் தெரிந்துகொள்ள வேண்டிய வயதுக்காரன்.

முதலில் உன் வாளித் தண்ணீரைப் பார். அப்பத்தா குளித்தது ஊருணியில். அதில் தேங்கும் மழைத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு, சோப்பு தொட்டதும் நுரைக்கும். கீரமங்கலத்தில் நீ குளிப்பது ஆழத்திலிருந்து வரும் போர் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பின் கொழுப்போடு சேர்ந்து திரிந்துபோகும். வாளி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதே, அது உன் சோப்புதான். நுரை வரவில்லையே என்று நீ இன்னும் நாலு தேய் தேய்க்கிறாய். அப்புறம் சோப்பு எங்கே நிற்கும்?

இன்னொன்று. அப்பத்தா சோப்பு வாங்கினால் காகிதத்தைப் பிரித்து, மரப்பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்துவிடுவாள். வாசனைக்கு என்றுதான் நாம் நினைத்தோம். அங்கே கிடந்து ஈரம் வற்றி, சோப்பு இறுகிவிடும். காய்ந்த சோப்பு மெதுவாகத்தான் கரையும். நீயோ வாங்கிய அன்றே பிரித்து, அடியில் தண்ணீர் தேங்கும் பெட்டியில் ஊறப்போடுகிறாய்.

“அப்படியானால் எல்லாம் என் தப்பா?” என்று முகத்தைத் தூக்காதே. கம்பெனிகளின் பங்குக்கு வருகிறேன். கையில் இருக்கும் சோப்பின் காகிதத்தைத் திருப்பிப் பார். ‘டி.எஃப்.எம்.’ என்று ஒரு எண் இருக்கும். சோப்பில் கொழுப்புப் பொருள் எத்தனை சதவீதம் என்பதன் கணக்கு அது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கணக்குப்படி, டாய்லெட் சோப்பு என்றால் முதல் தரத்துக்குக் குறைந்தது 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. இதற்கு வெளியே ‘பாத்திங் பார்’ என்று இன்னொரு வகை உண்டு. அதற்கு 40 இருந்தாலே போதும். அதே கடை, அதே அலமாரி, பார்த்தால் இரண்டும் சோப்புதான். கொழுப்பு குறைந்த இடத்தை டால்க், ஸ்டார்ச், சிலிகேட் போன்றவை நிரப்பலாம். இது திருட்டே இல்லை, சட்டம் அனுமதித்தது. காகிதத்தில் எழுதியும் இருக்கிறது. நீதான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

கொழுப்பை ஏன் குறைக்கிறார்கள்? சோப்பின் உயிர் பாமாயில். அது பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருகிறது. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்தியபோது உலகச் சந்தையே ஆடியது. எண்ணெய் விலை ஏறும், ஆனால் பத்து ரூபாய் சோப்பு பத்து ரூபாயாகவே இருக்க வேண்டும் என்று நீ நிற்பாய். பன்னிரண்டு ரூபாய் என்றால் பக்கத்து சோப்பை எடுப்பாய். அப்போது கம்பெனிக்காரன் கை எங்கே போகும்? எடையில் போகும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சரக்கில் போகும். ஒரே நாளில் பாதியாக்கினால் நீ கத்துவாய். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். இந்த மாதச் சோப்பைப் போன மாதச் சோப்போடு ஒப்பிட்டால் வித்தியாசமே தெரியாது. பத்து வருடத்துக்கு முந்தைய சோப்பை எடுத்து வைத்து ஒப்பிட யாரிடம் இருக்கிறது?

ஜனங்கள் கண்டுபிடித்தால் கம்பெனி பணியும் என்பதற்கும் சாட்சி உண்டு. பியர்ஸ் சோப்பின் செய்முறையை 2009-இல் மாற்றினார்கள். பிரிட்டனில் காலங்காலமாக அதையே போட்டுக் குளித்தவர்கள் வாசனை மாறிவிட்டது என்று சண்டைக்குப் போனார்கள். பழைய வாசனைக்கு நெருக்கமாகத் திருத்துவதாக அடுத்த ஆண்டே கம்பெனி சொல்ல வேண்டி வந்தது. மூக்குக்குத் தெரிந்ததால் அந்தச் சண்டை நடந்தது. கொழுப்பு ஆறு சதவீதம் குறைந்தால் எந்த மூக்குக்குத் தெரியும்? வாங்குகிறவனுக்குத் தெரியாத இடமாகப் பார்த்துத்தான் கத்தி விழும் மாப்பிள்ளை. வாசனையிலும் நிறத்திலும் காகிதத்திலும் கை வைக்கத் தயங்குவார்கள்.

வாங்குகிறவனுக்குத் தெரியாதபோது சந்தை என்ன ஆகும் என்பதை ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல் ஒரு கட்டுரையில் பழைய கார்ச் சந்தையை வைத்து விளக்கினார். நல்லது எது, மட்டம் எது என்று வாங்குகிறவனுக்குப் பிரித்தறியத் தெரியாவிட்டால், இரண்டுக்கும் நடுவான ஒரு விலைதான் கொடுப்பான். அந்த விலை நல்ல பொருள் வைத்திருப்பவனுக்குக் கட்டாது. அவன் விலகுவான், மட்டம் மிஞ்சும். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்குண்டு.

பேரை நம்பி வாங்குகிறேன் என்பாய். பேர் கைமாறும். நம் வீடுகளில் புழங்கிய ஹமாம் முதலில் டாடாவின் டாம்கோ கம்பெனிச் சரக்கு. 1990-களின் முதல் பாதியில் டாம்கோ இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. அதனால் தரம் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. மேலட்டையில் பேர் மாறாமல் இருப்பதால் உள்ளே எதுவும் மாறவில்லை என்று முடிவுகட்டாதே என்கிறேன். பல வருடம் உழைத்துச் சேர்த்த நல்ல பேரைச் செலவழித்து லாபம் பார்ப்பது விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவது. அந்த வருடம் வயிறு நிறையும்.

அதற்காக, அந்தக் காலத்துப் பொருள் எல்லாம் தங்கம் என்று ஆரம்பித்துவிடாதே. ராயவரத்திலும் கோனாபட்டிலும் செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குக் கதவையும் எனாமல் தூக்குகளையும் பார்த்துப் பெருமூச்சு விடுவாய். நின்றதைத்தான் நீ பார்க்கிறாய். அதே காலத்தில் உளுத்துப்போன கதவும் ஓட்டை விழுந்த தூக்கும் எப்போதோ அடுப்புக்கும் காயலான் கடைக்கும் போய்விட்டன.

டி.எஃப்.எம். எண்ணையே வேதமாகவும் பிடித்துக்கொள்ளாதே. கிளிசரின் கூடுதலான சோப்புகளிலும், சோப்பே அல்லாத வேறு நுரைப்பொருளால் செய்த கட்டிகளிலும் எண் குறைவாக இருக்கும், ஆனாலும் தோலுக்கு மென்மையாக இருக்கும். அவற்றை வேறு கணக்கில் பார்.

எல்லாமே கெட்டுத்தான் போகும் என்றும் இல்லை. மைசூர் சாண்டல் மைசூர் சமஸ்தானத்தின் அரசுத் தொழிற்சாலையில் பிறந்தது. இன்றும் அரசு நிறுவனச் சரக்குதான், இன்றும் முதல் தரம்தான். விலை கூட. விசேஷத்துக்கு மட்டும் அதை வாங்கி, மற்ற நாளெல்லாம் நாலு வாங்கினால் ஒன்று இலவசம் என்ற கட்டைத் தூக்கி வருகிறவன் நீதானே?

இனிக் கடைக்குப் போனால் தரத்தையும் எண்ணையும் வகையையும் பார். ஒரு கிராம் விலை என்ன என்பதும் இப்போது பாக்கெட்டில் அச்சாகி வருகிறது, கட்டாயம் அது. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், நின்று நிதானமாகப் படி. எடை குறைந்தாலோ எழுதியது ஒன்று உள்ளே ஒன்று என்றாலோ 1915-க்கு அடி, தேசிய நுகர்வோர் உதவி எண் அது. எனக்குக் கடிதம் எழுதுவது அப்புறம்.

அன்புடன்,
மாமா