வளைந்த வேரின் அகலம்

சொத்தை பல்லின் நடுக்கூழை எட்டிவிட்டால், பல்லைப் பிடுங்காமல் காப்பாற்ற ஒரு வழி உண்டு: வேருக்குள் ஓடும் கால்வாயைச் சுத்தம் செய்து அடைப்பது. அதற்கு வேர்நுனியில் கால்வாயின் அகலத்தைப் பல் வைத்தியர் அறிய வேண்டும்.

அளக்கும் கருவி 'பைல்' எனும் மெல்லிய உருக்கு அரம். வெள்ளைப் பிடியுள்ள 15ஆம் இலக்கத்தின் நுனி 0.15 மில்லிமீற்றர், மஞ்சள் 20, சிவப்பு 25. மேலே செல்லச் செல்ல, மில்லிமீற்றருக்கு 0.02 வீதம் பருக்கும். சிறியதிலிருந்து ஒவ்வொன்றாக வேர்நுனிவரை விட்டுப் பார்ப்பார்கள். முதலில் இறுகுவதே நுனியின் அகலம் என்பது பழைய கணக்கு.

வளைந்த வேரில் இக்கணக்குப் பிழைக்கும். வளைத்துப் பிடித்த றப்பர் குழாய்க்குள் மூங்கில் குச்சியைச் செலுத்திப் பாருங்கள். கை உணரும் இறுக்கம் வளைவில்தான், முனையில் அல்ல. 2002இல் வெளியான ஓர் ஆய்விலும், வளைந்த கால்வாய்கள் பலவற்றில் பைலின் நுனி ஒரு பக்கச் சுவரை மட்டுமே தொட்டிருந்தது. சிலவற்றில் எதையும் தொடவில்லை.

அகலத்தைக் குறைத்து மதித்தால் உள்ளே கிருமி தங்கும். தடித்த பைலை வலிந்து செலுத்தினால் வேரின் சுவர் சேதமாகும். ஆகவே முதலில் கால்வாயின் மேற்பகுதியை அகலமாக்கி, பைலை வளைத்துவிட்டு, பின்னரே அளப்பது நல்லது.

மீரியபெத்த போன்ற தோட்டங்களில் கராம்பு வைத்து நாள் கடத்தும் தாய்மாரே, தங்கைகளே! வலி தானாக நின்றால் சுகம் என்று எண்ணிவிடாதீர்கள். பல்லின் நரம்பு இறந்திருக்கலாம். மிஸ்வாக் செய்வது ஸுன்னத். வலித்த பல்லை நேரத்தோடு காட்டுவதும் அமானிதத்தைப் பேணுவதே.