கதிருக்கு அத்தை எழுதுவது

அன்புள்ள கதிருக்கு,

இந்தக் கடிதத்தைப் பற்றி உன் அப்பாவிடமோ அம்மாவிடமோ நான் எதுவும் சொல்லவில்லை. தனியாக இருக்கும்போது படி.

பொங்கலுக்கு வந்திருந்தபோது நீ ஊறுகாயைத் தொடவில்லை. காரக்குழம்பை ஒதுக்கிவிட்டு மோர்சோறு மட்டும் சாப்பிட்டாய். நடக்கப் பழகிய நாளிலிருந்து மிளகாய்ப்பொடி கேட்டு அழுதவன் நீ. அப்புறம் கொட்டாவி விட்டபோது கீழுதட்டின் உள்பக்கம் வெளுத்துச் சுருங்கியிருப்பதைப் பார்த்தேன். பெரியாஸ்பத்திரியின் பல் பிரிவில் நர்ஸாக இருப்பவளுக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. உன் பையை நான் திறந்து பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன்.

தேயிலைப் பை போலச் சின்னதாக இருக்கும் அந்தப் புகையிலைப் பையைத்தானே உதட்டுக்குள் வைக்கிறாய்? அது பள்ளிப் பிள்ளைகளிடம் ஏன் இவ்வளவு பரவுகிறது என்று யோசித்திருக்கிறாயா? புகை இல்லை, நாற்றம் இல்லை, கையில் வைத்துக் கசக்க வேண்டியதில்லை. வாத்தியார் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் எரிச்சலைப் புதினாக் குளிர்ச்சி மறைத்துவிடும். பழகாத வாய் முதல் நாளே துப்பிவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. குளிர்ச்சியாக இருக்கிறது என்பதால் நிகோடின் குறைவு என்று நினைத்துவிடாதே. ஈறு வழியாகவும் உதட்டின் மெல்லிய தோல் வழியாகவும் அது நேரே இரத்தத்தில் சேர்கிறது.

இது நம் ஊர்க் கடைக்காரர் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மணமூட்டிய மென்மையான பை, பழகிய பிறகு கடுமையான சரக்கு என்று படிப்படியாக ஏற்றிவிடும் திட்டத்தை அமெரிக்கப் புகையிலைத் தொழில் 1980-களிலேயே கையாண்டது. அவர்களுடைய உள் ஆவணங்களே பின்னால் அதை வெளியே கொண்டுவந்தன.

அந்தக் காலத்தில் ஓக்லஹோமா மாநிலத்தில் ஷான் மார்சி என்று ஒரு பையன் இருந்தான். பள்ளி ஓட்டக்காரன். 28 பதக்கங்கள் வாங்கியவன். சிகரெட்டைத் தொட மாட்டான், குடிக்க மாட்டான். ஆனால் 12 வயதிலிருந்து உதட்டுக்குள் ஈரப் புகையிலை வைத்துக்கொண்டிருந்தான். அவன் அம்மாவும் என்னைப் போல நர்ஸ்தான். வேண்டாம் என்று சொன்னாள். பெரிய விளையாட்டு வீரர்களே விளம்பரத்தில் வருகிறார்களே, கெடுதல் என்றால் வருவார்களா என்று அவன் கேட்டான். 18 வயதில் நாக்கில் புண் வந்தது. அது புற்றுநோய். நாக்கின் பகுதியை வெட்டினார்கள், பிறகு கழுத்து, பிறகு தாடை. 1984 பிப்ரவரியில் இறந்தபோது அவனுக்கு 19 வயது. அந்தப் புகையிலையைத் தயாரித்த நிறுவனத்தின் மேல் அவன் அம்மா போட்ட வழக்கும் தோற்றது.

எல்லாருக்கும் 19 வயதில் இப்படி வரும் என்று சொன்னால் அது பொய். அரிதாகத்தான் அந்த வயதில் வரும். எங்கள் பிரிவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். வாயைத் திறக்க முடியாமல், சோற்றைக் கரைத்துக் குடித்துக்கொண்டு வருவார்கள். எப்போது பழகினீர்கள் என்று கேட்டால் பலர் சொல்லும் பதில், "பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது." அதனால்தான் உன் வயதைப் பற்றி எனக்கு இவ்வளவு பதற்றம். 2019-இல் இந்தியா முழுவதும் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களிடம் எடுத்த கணக்கில், 8.5 சதவீதம் பேர் ஏதாவதொரு புகையிலையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். புகைக்காமல் வாயில் போடும் வகையைத் தொட்டவர்களில் பாதிப் பேர் பத்து வயது நிரம்பும் முன்பே தொடங்கியவர்கள்.

ஒன்றை நன்றாக மனதில் வை. இதில் குற்றவாளி நீ இல்லை. 18 வயது நிரம்பாதவனுக்குப் புகையிலை விற்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதும் குற்றம். 2015-இன் சிறார் நீதிச் சட்டமோ, பிள்ளைகளுக்குக் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது. 2024-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இந்தப் பைகளை விற்றவர்களின் ஜாமீன் மனுக்கள் வந்தபோது, மாணவர்கள் அடிமையாவதைச் சுட்டிக்காட்டி, நாடு முழுவதும் ஏன் தடை செய்யக் கூடாது என்று நீதிபதியே கேட்டார். வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள், கதிர். நீ ஒளிந்துகொள்ளாதே.

பரீட்சை முடியட்டும், பிறகு விடுகிறேன் என்று உன் மனம் சொல்லும். அது இருந்தால்தான் படிப்பு ஓடுகிறது என்றும் தோன்றும். நிகோடின் இறங்கும்போது வரும் எரிச்சலை அடுத்த பை தணிக்கிறது, அவ்வளவுதான். அந்த எரிச்சலைக் கொண்டுவந்ததே முந்தைய பைதான். விட்ட முதல் மூன்று நாள் மோசமாக இருக்கும். தலைவலிக்கும், தூக்கம் வராது, எல்லார் மேலும் கோபம் வரும். வேண்டும் என்ற அரிப்பு ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களில் தானாக அடங்கிவிடும். அந்த நேரத்தில் தண்ணீர் குடி, சோம்பு மெல்லு, எழுந்து நட. உன்னோடு சேர்ந்து பை வைத்துக்கொள்ளும் நண்பர்களோடு சண்டை போட வேண்டாம். இடைவேளையில் சில வாரம் வேறு பக்கம் போய் உட்கார். யாரிடமாவது முகம் தெரியாமல் பேச வேண்டும் என்றால் 1800-11-2356 என்ற எண்ணுக்குக் கூப்பிடு. புகையிலையை விடுவதற்கான அரசு உதவி எண் அது, காசு இல்லை.

உதட்டில் இருக்கும் வெளுப்பு, பையை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் மறைந்துவிடும். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் டாக்டர் கட்டாயம் பார்க்க வேண்டும். அதற்கும் காத்திருக்காமல் இந்தச் சனிக்கிழமையே வந்துவிடு. காலை எட்டு மணிக்கு முன்னால் வந்தால் கூட்டம் இருக்காது. என் பெயரைச் சொல்லி நேரே பல் பிரிவுக்கு வா, நான் கூடவே இருக்கிறேன். வீட்டில் அத்தை கூப்பிட்டாள் என்று மட்டும் சொல். உன் அப்பாவிடம் பேசுவது எப்போது, எப்படி என்பதை மதியம் சாப்பிடும்போது நீயும் நானும் முடிவு செய்யலாம். காரம் இல்லாமல் சமைத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் அத்தை