கொழும்புக்கு முந்திப் போனால் கெம்பஸ் கிடைக்குமா?

சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை வீடுகளில் ஒரு பேச்சுத் தொடங்கிவிடும். "வாப்பா, நான் கொழும்புல ஏ.எல். படிக்கப் போறன்." பிள்ளைக்குப் பதினாறோ பதினேழோ வயது. உம்மாவுக்கு மனமில்லை. வாப்பா யோசிக்கிறார். அந்த யோசனைக்குள் விசாரித்து அறிந்ததை விடக் காதில் விழுந்ததே கூடுதலாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

கொழும்பிலோ கண்டியிலோ பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்தால் கெம்பஸ் கிடைப்பது சுலபம் என்பதுதான் அப்படிக் காதில் விழுந்தவற்றில் வலுவான நம்பிக்கை. விதி சொல்வது வேறு. மருத்துவம், பொறியியல், முகாமைத்துவம் போன்ற கற்கைநெறிகளில் ஏறத்தாழ 40 வீத இடங்களே அகில இலங்கைத் திறமை வரிசைப்படி நிரப்பப்படுகின்றன. 55 வீதம் சனத்தொகையை வைத்து 25 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகிறது. எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கிறது. அந்தப் பதினாறில் அம்பாறையும் ஒன்று.

பிள்ளையின் மாவட்டம் எது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வீடு கல்முனையில் இருக்கிறது, வாக்கும் கல்முனையில் இருக்கிறது, ஆகவே பிள்ளை அம்பாறைதான் என்று நினைக்கிறார்கள். பள்ளிக்கூடத்தினூடாகத் தோற்றும் பிள்ளைக்கு, பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் எந்த மாவட்டத்தில் படித்தது என்பதையே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்க்கிறது. ஓ.எல். முடிந்ததும் கொழும்புப் பள்ளிக்கூடத்துக்கு மாறிய பிள்ளை கொழும்புப் பிள்ளைகளோடு போட்டியிட வேண்டி வரலாம். மருத்துவத்துக்குக் கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி அம்பாறையினதை விட உயரம். இங்கிருந்து எடுத்திருந்தால் மருத்துவ பீடத்துக்குப் போதுமான அதே இசட் புள்ளி, அங்கே போதாமல் போகலாம். இவ்வளவுக்கும் தூரப் பயணம்கூட வேண்டியதில்லை. பெரியநீலாவணையைத் தாண்டினாலே மட்டக்களப்பு மாவட்டம். அங்குள்ள பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாலும் கணக்கு மாறலாம்.

அதற்காக எல்லோரும் சொந்த ஊரிலேயே இருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சின்ன ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பௌதிகவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் ஆசிரியர் கிடைக்காத அவதி மெய்யானது. பொத்துவில் பிள்ளை கல்முனைக்கு வந்து போடிங்கில் நின்று படித்தால் மாவட்டம் மாறாது, ஆசிரியரும் கிடைப்பார். கொழும்பு டியூசன்தான் வேண்டுமென்றால் பள்ளிக்கூட விடுமுறையில் போய் வரலாம். பள்ளிக்கூடத்தை மாற்ற முன்னர் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை ஒரு தடவை வாசியுங்கள். அது தமிழிலும் இருக்கிறது. கலைப் பிரிவில் பெரும்பாலும் அகில இலங்கைத் திறமை வரிசையே பார்க்கப்படுவதால், அந்தப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

முந்திப் புறப்பட்டால் முந்திப் பட்டம் எடுக்கலாம் என்பது இன்னொரு நம்பிக்கை. பிள்ளைகளின் அவசரம் எனக்கு விளங்குகிறது. 2021க்குரிய ஏ.எல். பரீட்சை 2022 பெப்ரவரியில் நடந்தது, 2022க்குரியது 2023 ஜனவரிக்குத் தள்ளிப்போனது, 2023க்குரியது 2024 ஜனவரியில் வந்தது. பரீட்சை, பெறுபேறு, வெட்டுப்புள்ளி, பதிவு என்று காத்திருந்தே வயது போகிறது. ஆனாலும் ஏ.எல். இல்லாமல் அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரி மாணவராக நுழைய வழியில்லை. ஓ.எல். முடித்தவரை ஃபவுண்டேசன் வகுப்பில் சேர்க்கும் தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன. காசு கட்ட முன்னர், கடைசியில் பட்டம் தரப்போகும் பல்கலைக்கழகத்தை ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்று கேளுங்கள். 1945இலிருந்து நமக்குரிய இலவசக் கல்வியின் கடைசிக் கதவை, ஏ.எல். எழுதாமலே நாமாகச் சாத்திவிடக் கூடாது. ஏ.எல். சரிவராதவருக்கு 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. 18 வயது நிறைந்தால் அடிப்படைக் கற்கையினூடாக அதற்குள் போகலாம். கட்டணம் உண்டு, ஆனால் வீட்டிலிருந்தே படிக்கலாம்.

வாப்பா, உம்மாமாரின் நம்பிக்கையையும் சொல்ல வேண்டும்: "ஒலுவில்ல கெம்பஸ் இருக்கக்குள்ள வெளியூர் என்னத்துக்கு?" தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996 மே மாதம் முழுப் பல்கலைக்கழகமானது. போர்க்காலத்தில் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படிக்க முடியாமல் போன நம் பிள்ளைகளுக்காக அப்போதைய அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப் ஓடி ஓடி உழைத்துப் பெற்றது அது. அதை மட்டமாக நினைக்கும் பிள்ளைகளைக் கண்டால் எனக்கு மனவருத்தம். ஆயினும் அது தேசியப் பல்கலைக்கழகம். பக்கத்து ஊர் என்பதற்காக இடம் தருவதில்லை. இசட் புள்ளியும் விண்ணப்பத்தில் இட்ட விருப்ப ஒழுங்கும்தான் இடத்தைத் தீர்மானிக்கின்றன. பிள்ளை விரும்பும் கற்கைநெறி பேராதனையிலோ மொரட்டுவையிலோ இருந்தால், தூரத்துக்குப் பயந்து விருப்ப ஒழுங்கைத் திருத்த வேண்டாம்.

தூரம் போய்ப் படிப்பது நம் கரைக்குப் புதிதுமல்ல. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் படித்து, இளவயதிலேயே ஆசிரியர் பயிற்சிக்குக் கொழும்பு போனார். படிக்கக் காசில்லாதவர்களைப் பற்றி யோசித்தவர்களும் இருந்தார்கள். 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அந்த ஆண்டே இங்கு முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார். 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தையும் தொடங்கினார். ஏழைப் பிள்ளை காசில்லாமல் நின்றுவிடக் கூடாது என்பதே அவருடைய கவலை.

பெண்பிள்ளை என்றால் இந்தப் பேச்சு வேறு விதமாக முடிகிறது. ஏ.எல்.லில் நல்ல பெறுபேறு எடுத்த மகளை, தூரம் என்ற ஒரே காரணத்துக்காக வீட்டில் மறிக்கிறார்கள். நாட்டின் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிக்கும் மேல் பெண்கள். அவர்களும் யாரோ ஒரு உம்மாவின், அம்மாவின் பிள்ளைகள்தானே. பகிடிவதைப் பயம் நியாயமானது. அதற்கு 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, சிறைத்தண்டனையும் உண்டு. முறைப்பாட்டை ஆணைக்குழுவிடமே கொடுக்கலாம். பதிவு செய்யும்போதே விடுதிக்கு விண்ணப்பியுங்கள், மகாபொல புலமைப்பரிசில் கிடைக்குமா என்று பாருங்கள். அனுப்புவதா விடுவதா என்று வீட்டில் கதைத்துக்கொண்டிருக்கையில் பதிவுத் திகதி தப்பினால், மகளின் இடம் வெற்றிடப் பட்டியலில் இன்னொருவருக்குப் போய்விடும்.