பெற்றோர் பராமரிப்பு: ராஜினாமா கடிதம் எழுதும் முன்

அப்பா விழுந்து இடுப்பெலும்பு முறிந்த மறுவாரமே பல வீடுகளில் ஒருவர் வேலையை விடுகிறார். பெரும்பாலும் அது மகளோ மருமகளோதான். பதற்றத்தில் எடுக்கும் அந்த முடிவால் சம்பளமும் பி.எஃப். சேமிப்பும் நின்றுபோகும். அலுவலகக் குழுக் காப்பீட்டில் பெற்றோரையும் சேர்த்திருந்தால், மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதுவும் கைவிட்டுப் போகும். வேலையை விடுவது கடைசி வழியாக இருக்கட்டும்.

தேவையை எழுதுங்கள்

குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலியில் உட்காருவது, சிறுநீர் மலத்தை அடக்குவது: முதியவரின் நிலையை அறிய மருத்துவர்கள் பார்ப்பது இந்த 6 காரியங்களைத்தான். ஒன்றிரண்டுக்கு மட்டும் துணை வேண்டுமென்றால், பகல்நேர உதவியாளரை வைத்து வீட்டிலேயே பார்க்கலாம். படுத்த படுக்கையானவரைப் புண் வராமல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். மறதிநோய் உள்ளவர் நள்ளிரவில் கதவைத் திறந்து போய்விடலாம். இப்படிப்பட்ட நிலையை ஒருவர் தனியாகச் சமாளிக்க முடியாது. பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி ஆள் அமர்த்துங்கள்; முடியாவிட்டால் நல்ல முதியோர் இல்லம்தான் பாதுகாப்பு.

அலுவலகத்தில் பேசுங்கள்

பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவென்று தனியார் ஊழியருக்கு இந்தியாவில் தனி விடுப்புச் சட்டம் இல்லை. சேர்த்துவைத்த விடுப்பு, வீட்டிலிருந்து வேலை, ஷிஃப்ட் மாற்றம், சம்பளமில்லா விடுப்பு என்று வரிசையாகக் கேளுங்கள். ஒப்புக்கொண்டதை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உடன்பிறந்தவர்களை உட்காரவையுங்கள்

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி மகன், மகள் இருவருக்கும் பொறுப்பு உண்டு. பணம் தருபவர் யார், மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவர் யார், கூடவே இருப்பவருக்கு மாதத்தில் எத்தனை நாள் ஓய்வு என்று பெயர் போட்டு எழுதுங்கள். அரசின் உதவியும் உண்டு: தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வரும். ஆலோசனைக்கு முதியோர் உதவி எண் 14567.

இல்லத்தில் கேளுங்கள்

சொல்லாமல் ஒரு மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள். பதிவுச் சான்று இருக்கிறதா? இரவில் எத்தனை பணியாளர்கள்? விழுந்தால் எந்த மருத்துவமனை? படுக்கையில் விழுந்துவிட்டாலும் வைத்துக்கொள்வார்களா? வெளியேறினால் முன்பணம் திரும்புமா? பதில் சொல்லத் தயங்கும் இடம் வேண்டாம்.

இல்லத்தில் சேர்ப்பது கைவிடுவது ஆகாது. சேர்த்தபின் போய்ப் பார்க்காமல் இருப்பதுதான் கைவிடுவது. வீட்டில் வைத்திருப்பதாலேயே பராமரிப்பு நடந்துவிடுவதும் இல்லை.

எந்த முடிவானாலும், பெரியவர் தெளிவாகப் பேசும் நிலையில் இருக்கும்போதே அவரிடம் கேளுங்கள். அவருடைய விருப்பம் தெரியாமல் அவர் வாழ்க்கையை யாரும் தீர்மானிக்க வேண்டாம்.