விருந்துக்கு மறுநாள்

வைத்தியர் சொன்னதற்கிணங்க உடல் நிறையைக் குறைக்க முயலும் பலர் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். சோற்றைக் குறைத்து, தேநீரில் சீனியை விட்டு, மாலையில் நடந்து, இரண்டு மூன்று மாதம் ஒழுங்காக வருகிறார்கள். பின்பு ஒரு பெருவிழா, ஒரு முதல் நன்மைக் கொண்டாட்டம், அல்லது ஒரு கலியாண வீடு வருகிறது. அகப்பையோடு பக்கத்தில் நிற்பவரிடம் “போதும்” என்று சொல்வது நம்மூரில் எளிதன்று. வயிறு முட்ட உண்டுவிடுகிறார்கள். இதனால் பெரிய கேடு விளைந்துவிடாது. கேடு மறுநாள் தொடங்குகிறது.

“கட்டுப்பாடு குலைந்துவிட்டது, இனி நத்தார் கழியட்டும், புதுவருடம் கழியட்டும், பிறகு பார்ப்போம்” என்ற எண்ணமே அந்தக் கேடு. இதை 1975ஆம் ஆண்டில் ஹேர்மன், மக் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் மாணவிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். சிலருக்கு முதலில் மில்க்ஷேக் குடிக்கக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பின்பு எல்லோருக்கும் ஐஸ்கிறீம் வைத்து, ருசி பார்த்துச் சொல்லும்படி கேட்டார்கள். வழமையாக உண்பவர்கள் மில்க்ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிறீமைக் குறைத்தே உண்டார்கள். உணவைக் கட்டுப்படுத்தி வந்தவர்களோ, மில்க்ஷேக் குடித்த பிறகு, குடிக்காத வேளையிலும் பார்க்க அதிகமாக உண்டார்கள்! “ஏற்கெனவே தவறியாயிற்று” என்ற நினைப்பு அவர்களுடைய கையை அவிழ்த்துவிட்டது.

இந்த நினைப்புக்குத் தராசும் துணைபோகிறது. விருந்துக்கு மறுநாள் காலையில் ஏறி நின்றால் 1 கிலோ, சிலருக்கு 2 கிலோ கூடக் காட்டும். மனம் உடைந்துவிடும். ஆனால் அது கொழுப்பாக இருக்க முடியாது. உடலில் 1 கிலோ கொழுப்புச் சேர, தேவைக்கு மேலாக ஏறக்குறைய 7,000 கலோரி உண்ண வேண்டும். நாளொன்றுக்கு 2,000 கலோரி போதுமான ஒருவருக்கு இது மூன்றரை நாள் உணவு. அன்றைய உணவுக்கு மேல் அவ்வளவையும் ஒரே நாளில் யார் உண்பார்? சோற்றிலும் பலகாரத்திலும் உள்ள மாப்பொருளை உடல் கிளைக்கோசனாகச் சேமிக்கும்போது, ஒவ்வொரு கிராமுடனும் ஏறக்குறைய 3 கிராம் நீரும் தங்குகிறது. கறியின் உப்பும் நீரைப் பிடித்துவைக்கிறது. உண்ட உணவின் பாரமும் குடலில் இருக்கிறது. வழமைக்குத் திரும்பினால் சில நாட்களில் இவை தாமே இறங்கிவிடும்.

கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். தினமும் 500 கலோரி வீதம் 14 நாள் கூட உண்டால் அதே 7,000 வந்துவிடுகிறது. ஒரு துண்டு றிச் கேக், ஒரு றோல்ஸ், சீனி போட்ட இரண்டு மூன்று தேநீர் ஆகியவை சேர்ந்தாலே 500ஐ எட்டிவிடும். அந்த ஒரு கிலோ உண்மைக் கொழுப்பு, எளிதில் போகாது.

வேறு சிலர் மறுநாள் முழுப் பட்டினி கிடந்து ஈடுசெய்யப் பார்க்கிறார்கள். இது வேண்டாத வேலை. மத்தியானம் வரை பட்டினி கிடந்தவர் மாலையில் பலகாரப் பெட்டியைத் திறப்பார். நிச்சயம் ஒன்றோடு நிறுத்தமாட்டார். நீரிழிவுக்கு இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர் உணவைத் தவிர்த்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். வைத்தியரைக் கேளாமல் இவர்கள் வேளை உணவைத் தவிர்க்கவே கூடாது.

செய்யவேண்டியது அடுத்த வேளை உணவை வழமைபோல் உண்பதே. திங்கட்கிழமைக்கோ முதலாந் திகதிக்கோ காத்திருக்க வேண்டாம். காலையில் அவித்த பயறோ, அளவான குரக்கன் பிட்டோ இருக்கட்டும். மத்தியானம் குத்தரிசிச் சோறு அளவோடு, மீனோடு. தட்டில் பாதி கீரையும் மரக்கறியும். தண்ணீர் தாராளமாகக் குடித்து, மாலையில் வழமையான நடையை நடந்தால் போதும். தண்டனையாக இருமடங்கு நடக்கவேண்டியதில்லை.

மீதமான பலகாரத்தைப் பற்றி இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை. எறிய மனமில்லாமல் அதை உண்டு முடிப்பவர் பெரும்பாலும் தாய்தான். அன்றைக்கே அயலாருக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும் பங்கிட்டு அனுப்பிவிடுங்கள். கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு மனத்தோடு போராடுவது வீண்.

விருந்தில்லாத நாளிலும், கட்டுப்படுத்த முடியாமல், பிறருக்கு மறைத்துப் பெருமளவு உண்பது அடிக்கடி நேருமானால், அதற்கு வைத்திய உதவி உண்டு, வெட்கப்படாமல் கேளுங்கள். மற்றவர்கள் தராசை ஒரு கிழமைக்கு விட்டுவைத்து, அதன்பின் காலையில் உண்ணுமுன் ஏறிப் பார்க்கட்டும்.